நூல் ஏன் நழுவுவதில்லை?

திருவண்ணாமலையில் பள்ளி விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் பத்து நிமிடம் ஒரு தேடல் நடக்கும். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே நிறம், ஒரே பெல், ஒரே கேரியர். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் 2005-06 வாக்கில் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் விரிந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளி ஸ்டாண்டுகளில் இரட்டைப் பிள்ளைகள் போல நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள் நிற்கின்றன. தன் சைக்கிள் எது என்று தெரிய வேண்டுமே! ஒருத்தி கேரியரில் ரிப்பன் கட்டுவாள். ஒருத்தன் மட்கார்டில் நடிகர் படம் ஒட்டுவான்.

அந்த வரிசையில் ஒரு சைக்கிள் என்னை நிறுத்தியது. அதன் கைப்பிடி இரண்டிலும் சிவப்பும் மஞ்சளுமாக ஒயர் சுற்றியிருந்தது. கூடை பின்னுகிற அதே பிளாஸ்டிக் ஒயர். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே நகம் நுழையாத நெருக்கம். அதன் மேல் இன்னொரு நிறம் குறுக்கே ஓடி, சாய்சதுரம் சாய்சதுரமாகக் கட்டம் போட்டிருந்தது. சைக்கிளுக்குரிய பெண் பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா ஒயர் கூடை பின்னுகிறவர். மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சுற்றினாளாம்.

“என்ன பசைம்மா போட்ட?” என்று கேட்டேன்.

“பசையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். இழுத்துச் சுத்தினேன், நின்னுடுச்சு.”

பிடித்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. ஒன்றரை வருடமாக மழையிலும் வெயிலிலும் நின்ற சைக்கிள் அது. இந்த அத்தியாயம் அவள் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியது: நின்னுடுச்சு. ஏன் நின்றது?

விடையை ஒரு தென்னை மரத்திடம் கேட்கலாம். வீட்டோரத்தில் நிற்கும் தென்னையை வெட்டுகிறவர்கள் அதை அப்படியே சாய்த்துவிட மாட்டார்கள், கூரை போய்விடும். மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவார்கள். ஆள் கனத்துக்கும் மேலான அந்தத் துண்டைக் கீழே ஒரே ஆள் பிடித்திருப்பார். கயிற்றைப் பக்கத்து மரத்தில் மூன்று சுற்று சுற்றியிருப்பார், அவ்வளவுதான். முரண்டு பிடிக்கும் மாட்டை ஒரு சிறுவன் அடக்குவதும் இப்படித்தான். மூக்கணாங்கயிற்றின் நுனியை மரத்தில் இரண்டு சுற்று போட்டுவிட்டால், அதற்குமேல் மாட்டோடு இழுபறி செய்வது மரம், சிறுவன் அல்ல.

இதன் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் லெயோனார்ட் ஆய்லர் போட்டார். ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டல்வைன் 1808இல் வெளியிட்ட நிலையியல் நூலில் அதை விரித்து எழுதினார். இருவர் பெயராலும் இன்று வழங்கும் அந்தச் சமன்பாட்டின் சாரம் எளியது. வளைந்து செல்லும் கயிறு தான் தொடும் பரப்பை அழுத்துகிறது. அழுத்தம் இருக்குமிடத்தில் உராய்வு இருக்கிறது. அந்த உராய்வு இழுவிசையில் ஒரு பங்கைத் தின்கிறது. அடுத்த அங்குலத்தில், மிஞ்சிய இழுவிசையில் அதே பங்கு போகிறது. அதற்கடுத்த அங்குலத்தில் மறுபடியும். கூட்டுவட்டி எப்படி வளரும் என்று கடன் வாங்கியவருக்குத் தெரியும். இங்கே அந்தக் கூட்டுவட்டி நம் பக்கம் வேலை செய்கிறது.

உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். கயிற்றுக்கும் மரத்துக்கும் அது தாராளமான மதிப்பு அல்ல, நிதானமானதுதான். ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோ பிடி 6.6 கிலோ இழுப்பைத் தாங்கும். இரண்டு சுற்றில் 43 கிலோ. மூன்றில் 285. நான்காவது சுற்றில் 1,880 கிலோ! ஒவ்வொரு சுற்றும் முந்தையதைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது.

இந்தச் சமன்பாட்டில் நான் மிகவும் நேசிப்பது, அதில் இல்லாத ஒன்றை. மரத்தின் பருமன் அதில் எங்கும் வருவதில்லை. சுற்றிய கோணமும் உராய்வும் மட்டும்தான். ஒரு முழம் பருமனுள்ள தென்னைக்கும் 22 மில்லிமீட்டர் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் ஒரே விதி. அந்தப் பெண்ணின் கைப்பிடியில் முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் இருந்தன. நடுவில் எங்கே பிடித்து இழுத்தாலும், இரண்டு பக்கமும் நான்கைந்து சுற்றுகளுக்குள் அந்த இழுப்பு அடங்கிப்போகும். நுனிவரை செய்தியே போய்ச் சேராது. பசைக்கு அங்கே வேலை இல்லை.

பருமன் வேறோர் இடத்தில் கணக்கில் நுழைகிறது. அங்கேயும் அது நமக்குச் சாதகம்தான். இழுத்துச் சுற்றிய நூல் கம்பியை எவ்வளவு அழுத்துகிறது? இழுவிசையை ஆரத்தாலும் நூலின் அகலத்தாலும் வகுத்தால் விடை வரும். இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு இழுத்து, 3 மி.மீ. கயிறு ஒன்றைச் சுற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல். அந்தச் சைக்கிளின் டயருக்குள் இருக்கும் காற்றே அவ்வளவு அழுத்துவதில்லை. ஆரம் சிறிதாகச் சிறிதாக அழுத்தம் ஏறும். மெல்லிய கம்பியில் சுற்று நன்றாக நிற்பதும், தடித்த தூணில் சுற்றிய கயிறு தொளதொளப்பதும் இதனால்தான். நாற்பது சுற்றுகளின் அழுத்தத்தையும் கூட்டி உராய்வால் பெருக்கினால், அந்த உறையை முழுதாகக் கம்பியிலிருந்து உருவியெடுக்க ஏறத்தாழ 150 கிலோ விசை வேண்டும். காகிதக் கணக்கு இது. நாளாக ஆக இழுவிசை தளரும். அதைப் பிறகு பார்ப்போம். பாதியாகக் குறைந்தாலும் எந்தக் கையாலும் அசைக்க முடியாது.

ஆக, நடுப்பகுதி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஆபத்து எல்லாம் இரண்டு முனைகளில். கூட்டுவட்டியே ஆனாலும் முதல் என்று ஏதாவது இருந்தால்தானே வளரும்? நுனியில் பிடி சுழியமானால், நூறு மடங்கும் சுழியம்தான். நுனி அவிழ்ந்தால் அடுத்த சுற்று அவிழும், அது அடுத்ததை அவிழ்க்கும்.

அந்தப் பெண் இதைத் தன் அம்மாவிடம் கற்றிருந்தாள். தொடக்க நுனியை ஒரு விரற்கடை நீளம் கம்பியோடு படுக்க வைத்து, அதன் மேலேயே சுற்றத் தொடங்கியிருந்தாள். முதல் ஏழெட்டுச் சுற்றுகள் தன் வாலைத் தானே அமுக்கிக்கொண்டன. முடிவு நுனிக்குத்தான் கொஞ்சம் சாமர்த்தியம் தேவை. கடைசி எட்டுச் சுற்றுக்கு முன் தனியாக ஒரு நூலை இரண்டாக மடித்து, வளையம் சுற்றும் திசைப் பக்கம் நீண்டிருக்கும்படி கம்பியில் படுக்க வைக்க வேண்டும். அதன் மேல் எட்டுச் சுற்று. பிறகு ஒயரின் நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு, மடித்த நூலின் இரண்டு வாலையும் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தால், வளையம் நுனியை வாயில் கவ்விக்கொண்டு எட்டுச் சுற்றுக்கும் அடியில் புகுந்து வெளியே வரும். நூலை உருவிவிட்டு ஒயரை ஒட்ட நறுக்கினால் முடிச்சு எங்கே என்று எவராலும் சொல்ல முடியாது. முடிச்சே கிடையாது. கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறையை உரித்துப் பாருங்கள். பிரம்புக் கைப்பிடியில் சுற்றியிருக்கும் நூலும் இப்படித் தன் நுனிகளைத் தானே விழுங்கியபடிதான் இருக்கும்.

எவ்வளவு நீளம் வாங்குவது என்ற கேள்வியில்தான் பலரும் சறுக்குவார்கள். பாதியில் கயிறு தீர்ந்துபோய், எல்லாவற்றையும் அவிழ்க்க நேர்ந்தால் மனசு விட்டுப்போகும். கம்பி 22 மி.மீ., கயிறு 3 மி.மீ. கயிற்றின் நடுக்கோடு ஓடும் வட்டத்தின் விட்டம் 25 மி.மீ. அதைப் பையால் (π) பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 78.5 மி.மீ. பன்னிரண்டு சென்டிமீட்டர் கைப்பிடியில் நாற்பது சுற்று அடங்கும். மொத்தம் 3.14 மீட்டர்! பையே மீட்டராக வந்து நிற்கிறது. சுற்று சாய்வாகப் போவதால் கொஞ்சம் கூடுதலாக வேண்டாமா என்று கேட்கலாம். கூடும் நீளம் ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. கூட இல்லை. நுனிகளுக்கு அரை மீட்டர் சேர்த்து, இரண்டு கைப்பிடிக்கும் ஏழரை மீட்டர் இருந்தால் போதும். ஆனால் கயிறு மெலிந்தால் நீளம் கிடுகிடுவென்று ஏறும். 1 மி.மீ. நூலானால் ஒரே கைப்பிடிக்கு 120 சுற்று, எட்டரை மீட்டருக்கு மேல். முதல்முறை சுற்றுகிறவர்கள் தடித்த கயிற்றில் தொடங்குவது நல்லது.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? கயிறானால் பரவாயில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியும் நாடாத்துணி ஆனால் இது முக்கியம். கூரை வேய்கிறவரைக் கேளுங்கள். தாழ்வாரத்தில் தொடங்கி மேலே போவார். மேல் வரிசை கீழ் வரிசையின் தலைமேல் படியும். விளிம்புகள் எல்லாம் கீழ்நோக்கி இருக்கும். தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். கைப்பிடியில் தண்ணீருக்குப் பதில் உள்ளங்கை. ஓட்டும்போது உள்ளங்கை மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகரும். எனவே கைப்பிடியின் திறந்த முனைதான் தாழ்வாரம். அங்கே தொடங்கி உள்நோக்கிச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பையும் கை நிமிண்டி நிமிண்டிச் சுருட்டிவிடும்.

சுற்றும் திசை இன்னொரு சுவையான சங்கதி. பௌர்ணமி தோறும் இந்த ஊருக்கு வரும் கூட்டம் மலையை வலமாகச் சுற்றுகிறது, 14 கிலோமீட்டர். மேலிருந்து பார்க்கும் பருந்துக்கு அந்த மனித ஆறு கடிகார முள் திசையில் ஓடுவதாகத் தெரியும். அதே ஆற்றைப் பூமிக்கு அடியிலிருந்து ஒருவர் பார்க்க முடிந்தால்? எதிர்த்திசையில் ஓடும். வட்டச் சுற்றுக்கு இடம் வலம் என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. சுருளுக்கு அப்படி இல்லை. கம்பியில் சுற்றிய நூல், கடையில் வாங்கும் திருகாணி, ஏறிப் படரும் கொடி ஆகியவை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒரே கைக்குரியவை. வலக்கைச் சுருளைத் தலைகீழாகப் பிடித்தாலும் வலக்கைச் சுருள்தான். அதை இடக்கைச் சுருளாக்க ஒரே வழி கண்ணாடியில் காட்டுவது. பெயர் வைப்பதில் மட்டும் குழப்பம் வரலாம். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை உயிரியலார் இடச்சுருள் சங்கு என்றுதான் குறிக்கிறார்கள்.

சைக்கிளில் இந்தக் கண்ணாடிப் பாடம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. பெடல் மாற்றத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், இடது பெடலின் மறை தலைகீழ். வலது பெடலைப்போல நினைத்துத் திருப்பினால் கழலாது, இறுகும். கைப்பிடியிலும் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாகச் சுற்றப்பட வேண்டும். வெறும் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, மேட்டில் ஏறுவதுபோல அழுத்திப் பாருங்கள். கை தன்னையறியாமல் ஒரு பக்கமாக முறுக்கப் பார்க்கும். அந்தத் திசையிலேயே நூலைச் சுற்றினால், ஓட்ட ஓட்டச் சுற்று இறுகும். எதிராகச் சுற்றினால் ஒவ்வொரு மேடும் அதைத் தளர்த்தும். நான் பார்த்த சைக்கிளில் இடது பிடி சரி. வலது பிடியை அவள் இடதைப் போலவே சுற்றியிருந்தாள். அங்கேதான் லேசான இடைவெளி விழத் தொடங்கியிருந்தது. சொன்னதும் அவள் இரண்டு கையையும் காற்றில் நீட்டி, இல்லாத ஹேண்டில்பாரை முறுக்கிப் பார்த்துவிட்டு, “ஆமா சார்” என்றாள்.

இவ்வளவு பாடுபட்டு எதற்காகச் சுற்ற வேண்டும்? கடையில் ரப்பர் கிரிப் கிடைக்கிறதே. அழகுக்காக என்றால் அதுவே போதுமான காரணம் என்று நினைப்பவன் நான். என்றாலும், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்த சைக்கிளின் வெறும் கம்பியைத் தொட்டவர்களுக்கு வேறு காரணமும் தெரியும். குரோமியம் பூசிய கம்பி பளபளவென்று வெயிலைத் திருப்பி அனுப்புகிறதே, அது ஏன் இப்படிக் கொதிக்கிறது? காரணம், வரவு செலவுக் கணக்கு. குரோமியப் பூச்சு சூரிய ஒளியில் பெரும்பங்கைத் திருப்பினாலும், ஏறத்தாழ நாற்பது சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுவதில் அது மகா கஞ்சன். கரிய பரப்பு ஒன்று விடுவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட விடாது. வரவு அதிகம், செலவு குறைவு, வெப்பம் சேர்கிறது. வெள்ளைப் பெயின்ட் நேர்மாறு. குறைவாக வாங்கும், தாராளமாக விடும். கோடையில் கோயில் பிரகாரங்களில் வெள்ளைப் பட்டை அடித்து அதன்மேல் நடக்கச் சொல்வது இதனால்தான்.

வெப்பநிலை ஒரு பாதி. தொட்டால் எவ்வளவு சுடும் என்பது மறுபாதி. உச்சிவெயிலில் கருங்கல் தளத்தில் நடக்கும் பாதம் கயிற்றுப் பாயில் ஏறியதும் நிம்மதி அடைகிறது. பாயும் வெயிலில்தான் கிடந்தது. ஆனால் பாய் தன்னிடமிருக்கும் வெப்பத்தைக் காலுக்குக் கொடுக்கத் தெரியாத பொருள். கம்பி, கருங்கல், பருத்தி மூன்றும் ஒரே 55 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் தோல் 34 டிகிரி. தொட்ட கணத்தில் தொடுமிடம் எந்த வெப்பநிலைக்கு வரும் என்று கணக்கிடலாம். எஃகில் அது ஏறத்தாழ 53 டிகிரி. கருங்கல்லில் 48. பருத்தியில் 36, 37. தோலுக்கு வலி தொடங்குவது 43 முதல் 45 டிகிரிக்குள். எஃகும் கல்லும் கோட்டுக்கு அந்தப் பக்கம். பருத்தி இந்தப் பக்கம். இரண்டு மில்லிமீட்டர் நூல் செய்யும் வேலை இது.

பருத்தியைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு எழுதும்போது மலையுச்சி நினைவுக்கு வராமல் இருக்காது. கார்த்திகை தீபத்தன்று கொப்பரையில் ஊற்றும் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை மேலே இழுத்து எரியவைப்பது காடாத்துணித் திரி. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் திரவம் தானாக ஏறுகிறது. அதே சந்துகள் கைப்பிடியில் வியர்வையை உறிஞ்சுகின்றன. தோலில் லேசான ஈரம் இருக்கும்போது பிடி கூடும், ஏனென்றால் ஈரத்தில் தோல் மென்மையாகிப் பரப்போடு நன்றாகப் படியும். ஈரம் படலமாகத் தேங்கிவிட்டால் வழுக்கும். பருத்தி அந்தப் படலத்தைத் தேங்க விடாமல் குடித்துவிடுகிறது. இன்னொரு நற்குணமும் அதற்கு உண்டு. நனைந்தால் இழைகள் உப்பும். முறுக்கிய நூலில் இழைகள் உப்பினால் நூல் நீளத்தில் சுருங்கும். அதனால் மழையில் பருத்திச் சுற்று இறுகும், காய்ந்தால் பழைய நிலைக்கு வரும். பறையடிப்பவர்கள் தோலை நெருப்பில் காட்டி இறுக்குவார்கள். தோல் காய்ந்து இறுகும், நூல் நனைந்து இறுகும்.

பருத்தியின் குறை அழுக்கு. ஒரே மாதத்தில் வெள்ளை நூல் காப்பி நிறமாகும். இதற்குப் பிரான்ஸில் சைக்கிள் பிரியர்கள் கண்ட வழி, பருத்தி நாடாவின் மேல் அரக்குப் பூச்சு. அரக்கு நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் பலாசு, குசும், இலந்தை மரங்களின் கிளைகளில் மொய்க்கும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ராஞ்சிக்கு அருகே நாம்கூமில் 1924இல் அதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையின் அரக்கும், தாத்தா காலத்து கிராமபோன் தட்டின் அரக்கும் இதுதான். தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சுற்றிய நூலின் மேல் தூரிகையால் தடவினால், ஸ்பிரிட் பறந்துபோய் மெல்லிய தேன்நிறப் படலம் நிற்கும். இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். மூன்று பூச்சில் தண்ணீர் எளிதில் இறங்காத, ஆனால் நூலின் மேடுபள்ளம் கைக்குத் தெரிகிற ஒரு தோல் கிடைக்கும்.

பிளாஸ்டிக் ஒயரின் கதை வேறு. கூடை ஒயர் பெரும்பாலும் பி.வி.சி. போர்வெல் குழாயும் அதே பி.வி.சி.தான். ஒன்று விறைப்பு, மற்றது இளக்கம். நடுவே இருப்பது இளக்கிகள் என்னும் எண்ணெய் போன்ற சேர்மானங்கள். நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே புகுந்து அவற்றை வழுக்கவிடுவது அவற்றின் வேலை. பூக்காரர்கள் வாழைநாரை நனைத்து வைப்பதும் இளக்கத்துக்காகவே. வாழைநாரில் தண்ணீர் உலர்ந்தால் மறுபடி தெளிக்கலாம். பி.வி.சி.யில் இளக்கி வெயிலில் மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். முதலில் பிசுபிசுக்கும், அழுக்கைப் பிடிக்கும். பிறகு இளக்கி போன இடத்தில் ஒயர் விறைத்து வெடிக்கும். திருப்பி ஊற்ற வழி கிடையாது. அதோடு, இழுத்துச் சுற்றிய பிளாஸ்டிக் நாளடைவில் தன் புது வடிவத்துக்குப் பழகிவிடும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்து, இழுப்பைத் தணித்துக்கொள்ளும். முன்பு சொன்ன இழுவிசைத் தளர்ச்சி இதுதான். சூட்டில் இது இன்னும் விரைவு.

என் கைப்பிடியில் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய பருத்திக் கயிற்றை வெறும் கம்பியில் நேராகச் சுற்றி, ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அப்படியே ஓட்டினேன். தை மாதம் அவிழ்த்துப் பார்த்தால் கம்பி முழுக்கச் செம்புள்ளிகள். நூல் குடித்த வியர்வையும் மழையும் எங்கும் போகாமல் கம்பியோடு ஒட்டியே இருந்திருக்கின்றன. குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. வியர்வையின் உப்பு அவற்றில் இறங்கி அடியிலுள்ள எஃகைத் தின்றிருக்கிறது. அன்றிலிருந்து, சுற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே கம்பியைத் தேய்த்து ஒரு கோட்டு எனாமல் பெயின்ட் அடித்துக் காயவைக்கிறேன். அதன்மேல் பழைய டியூபிலிருந்து நறுக்கிய ரப்பர் பட்டை. அது உராய்வைக் கூட்டும், அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இனி அலங்காரம். சன்னதித் தெருவில் பூக்கட்டும் அம்மாக்களின் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தால் நான் சொல்லப்போவது புரிந்துவிடும். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நார் ஒரு வளையமாகத் திரும்பித் தன்னையே அமுக்கி இறுகும். அந்த ஒற்றைச் சுருக்கை ஒவ்வொரு சுற்றிலும் கைப்பிடியில் போட்டுக்கொண்டே போங்கள். முதல் சுருக்கு கம்பியின் உச்சியில் விழுந்தால், அடுத்தது அதற்கு நேராக விழாது. சில பாகை தள்ளி விழும். அதற்கடுத்தது இன்னும் சில பாகை. நாற்பது சுருக்கு முடியும்போது, கம்பியைச் சுற்றி ஏறும் ஒரு வரப்பு தானாக உருவாகியிருக்கும். அதை யாரும் வரையவில்லை. கயிறு தன் மேலேயே ஏறி அமரும் இடம் ஒவ்வொரு முறையும் இழுக்கும் பக்கமாகச் சற்று விலகுவதால் வந்தது. சுருக்கைத் திருப்பிப் போட்டால் வரப்பும் எதிர்ப்பக்கம் சுழலும். இடது பிடிக்கு ஒன்று, வலது பிடிக்கு மற்றது. பார்க்க அழகு. விரல்கள் மடங்கும் இடத்தில் அந்த வரப்பு தரும் பிடிப்பு எந்த ரப்பர் புடைப்புக்கும் குறைந்ததல்ல.

சாய்சதுரக் கட்டத்துக்கு இரண்டு நிறம் வேண்டும். ஒன்று வலச்சுருளாக, மற்றது இடச்சுருளாக. சந்திக்கும் இடமெல்லாம் ஒருமுறை இது மேலே, மறுமுறை அது மேலே. பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். உச்சியிலிருந்து தொங்கும் கயிறுகளின் நுனியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஒருவரையொருவர் தாண்டித் தாண்டி ஆட, தலைக்கு மேலே பின்னல் வளரும். பிறகு ஆட்டத்தை அப்படியே பின்னோக்கி ஆடினால் பின்னல் சிக்கின்றி அவிழும். ஆட்டம்தான் சூத்திரம், பின்னல் அதன் எழுத்து. கைப்பிடியில் ஆடுவது நம் இரண்டு கைகள். கட்டங்களின் அளவை மாற்ற வேண்டுமானால் சுருளின் சரிவை மாற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு நூல் எவ்வளவு முன்னேறுகிறது என்பதுதான் எல்லாம். தப்பாகக் கணக்கிட்டால் கடைசிக் கட்டம் பாதியில் அறுபடும். வாசலில் கோலம் போடும் கைகளிடமும் இப்படி ஓர் இலக்கணம் இருப்பதைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இல் கணினியியல் ஆய்வாகவே எழுதினார்கள். கைப்பிடிச் சுற்றுக்கு அப்படி ஒருவர் வந்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

கைக்கு எது நல்லது என்பதையும் பார்த்துவிடலாம். இறுகப் பிடிக்க வசதியான பருமன் பெரியவர்களுக்கு 30 முதல் 40 மி.மீ. வரை. வெறும் கம்பி 22. ரப்பர் பட்டையும் 3 மி.மீ. கயிறும் சேர்ந்தால் 30ஐ எட்டும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் இவ்வளவு தடிக்க விடக்கூடாது, விரல் பிரேக்கை எட்டாது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடியில் ஒரு நரம்பு எலும்புகளுக்கிடையே குறுகிய வழியில் போகிறது. 1861இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கியோனின் பெயரே அந்த வழிக்கு. குனிந்து ஓட்டும் கியர் சைக்கிள்களில் உடம்பின் பாரம் அங்கே இறங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். நிமிர்ந்து ஓட்டும் நம் சாதா சைக்கிளில் இது அரிது. கியர் சைக்கிள்காரர்கள் அந்த இடத்தில் ஒரு மடிப்பு கூடுதலாக வைத்துச் சுற்றலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுற்றும் உற்சாகத்தில் பிரேக் கம்பி அசையும் இடத்தை அடைத்துவிடாதீர்கள். குஞ்சம் தொங்கவிடுவதானால் முன்சக்கரத்து ஸ்போக்கை எட்டாத நீளத்தில் விடுங்கள். ஹேண்டில்பாரின் திறந்த முனையை ஒரு மரக்கட்டையோ கார்க்கோ வைத்து அடைத்த பிறகே சுற்றத் தொடங்குங்கள். கீழே விழும் குழந்தையின் வயிற்றில் அந்தத் திறந்த குழாய் முனை குத்தினால், வெளியே சிறு வட்டத் தழும்புதான் தெரியும். உள்ளே கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். எந்த அலங்காரத்துக்கும் முன்னால் அந்த முனை மூடியிருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தாள். பழைய ஒயரை முழுதும் அவிழ்த்திருந்தாள். இந்த முறை பச்சையும் வெள்ளையும். வலது பிடியை முதலில் எடுத்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சரியான திசையில் சுற்றத் தொடங்கினாள். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். அவிழ்த்த சிவப்பு ஒயர் திண்ணையில் கிடந்தது. ஒன்றரை வருடம் கம்பியைச் சுற்றியே இருந்ததால் அது நேராகவில்லை. முப்பத்தெட்டு வளையமும் அப்படியே சுருண்டிருந்தன. அவள் தம்பி அதன் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறு நுனியைப் பிடித்து இழுக்க முடிந்தவரை இழுத்துப் போய் விட்டான். அது துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது.